மூன்று எண்ணும் வரை

பேருந்திலிருந்து அவள் இறங்கியபோது மணி மூன்றரை. மழை விட்டிருந்ததே தவிர, வானம் இன்னும் மனம் இளகவில்லை. பகலென்றும் பாராமல் தெருவிளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் மஞ்சள் ஒளி, தேங்கிய நீரில் விழுந்து, காற்று தொடும்போதெல்லாம் நடுங்கியது.

தேடி வந்த வீடு தெருவின் கடைக்கோடியில் இருந்தது. சுவரின் வெண்மை சாம்பலாக மங்கியிருந்தது. இரும்புக் கதவின் அடிப்பகுதியைத் துரு தின்றிருந்தது. வாசற்படியில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஆண் செருப்பில் ஈரம் காயவில்லை. பெண் செருப்பின்மேல் தூசி படிந்திருந்தது. அந்தத் தூசியில் மழைத்துளிகள் தெறித்துப் புள்ளி புள்ளியாய் நின்றன.

அதைப் பார்க்காதவள்போல் அவள் மணியை அழுத்தினாள்.

அலுவலகத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர். கைப்பேசிச் செயலியில் எந்த மாற்றம் செய்வதானாலும் அதை இரண்டு வடிவமாக ஆக்கி, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் கொடுத்து, எது மேல் என்று நிறுத்துச் சொல்வது அவள் தொழில். பொத்தான் பச்சையா நீலமா, எழுத்து பெரிதா சிறிதா என்று எதையும் அவள் ஊகிக்கமாட்டாள், அளந்துதான் சொல்வாள். பெயர் வைத்தவன் பக்கத்து மேசையில் கணினி நிரல் எழுதுபவன். ஒவ்வோர் எழுத்தையும் உறுதி செய்துகொண்டே தட்டுகிற அவனுக்கு அவள் பதிலுக்கு 'நத்தை' என்று வைத்திருந்தாள்.

இன்றும் இரண்டு வடிவங்களோடுதான் அவள் வந்திருந்தாள். ஒன்று உண்மை. மற்றொன்று, உண்மை தொண்டையில் சிக்கிக்கொண்டால் சொல்வதற்கென்று வைத்திருந்த பொய். பேருந்தில் வந்த ஒரு மணி நேரமும் இரண்டையும் மாறி மாறி மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். பொய்தான் தங்கு தடையில்லாமல் வந்தது.

கதவு திறந்தது. எழுபதைத் தாண்டிய மனிதர். தோள் அகன்று, முதுகு மட்டும் சற்றே வளைந்திருந்தது. வலது காதை முன்னால் திருப்பிக்கொண்டு நின்றார்.

"யாரும்மா?"

"ஐயா, நான் ஆப் கம்பெனியிலேர்ந்து வர்றேன். உங்க மனைவியோட கணக்கை மூடச் சொல்லி எழுதியிருந்தீங்களே..."

"அட, அது எழுதி ஒன்றரை மாசம் ஆச்சே! பதிலே காணோம். நான்தான் அனுப்பத் தெரியாம எங்கேயோ அனுப்பிட்டேனோன்னு இருந்தேன். உள்ள வாம்மா. செருப்பை அந்த ஓரமா விடு, டீச்சர் செருப்பு மேல படாம."

முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு சாய்வு நாற்காலி, பழைய வானொலி. உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது; அந்தப் பாதி இருட்டிலிருந்து இரண்டு வாசனைகள் வந்தன. ஒன்று வலித் தைலம். மற்றொன்றை அவள் மூக்கு உடனே அடையாளம் கண்டுகொள்ளவில்லை, பள்ளிக்கூட வாசனை. சுண்ணக்கட்டித் தூள்.

"வீட்டுலயும் டீச்சர்னுதான் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

"வேற எப்படிக் கூப்பிடுறது? நாப்பது வருஷம் கணக்கு டீச்சர். நான் பஸ் ஓட்டுனவன். ராத்திரி வீட்டுக்கு வந்தா, 'கடைசி வண்டியில எத்தனை பேர் ஏறினாங்க, எத்தனை பேர் இறங்கினாங்க, மீதி எத்தனை?'ன்னு கேப்பா. தப்பாச் சொன்னா அன்னிக்கு டீ கெடையாது." அவர் சிரித்தார். "ஒரு தடவை மீதி ரெண்டு பேர்னு சொன்னேன். 'நீ, நானு. சரியாப் போச்சு'ன்னா. அன்னிக்குத்தான் மொத மொதல்ல நூத்துக்கு நூறு போட்டா."

தேநீர் கொண்டுவர அவர் சமையலறைக்குள் போனார். தராசு தன் கைகளை மடியில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டாள்.

அந்தச் செயலி முதியவர்களுக்கானது. திரையில் ஒரே ஒரு சிவப்பு வட்டம். ஆபத்தென்றால் அதைத் தொட்டால் போதும். உதவி மையத்தில் மணி அடிக்கும், அடுத்த நிமிடம் வண்டி புறப்படும். ஆனால் பையில் கிடக்கும்போது பட்டும், பேரக் குழந்தைகள் தொட்டும், வீணான அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. மையத்தார் அலுத்துக்கொண்டார்கள். ஆகவே இரண்டாம் வடிவம் பிறந்தது. வட்டத்தின்மேல் விரலை வைத்து, மூன்று எண்ணும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு வளர்ந்து வட்டத்தை மூடும். மூடினால்தான் அழைப்பு போகும். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்பதை இயந்திரம் சீட்டுப் போட்டு முடிவு செய்தது. நான்கு வாரச் சோதனை.

மூன்றுக்குள் விரலை எடுத்துவிட்டால்? அந்தத் தொடுதலை எந்தப் பெயரில் பதிவது என்று கேள்வி வந்தது. 'தடுக்கப்பட்ட வீண் அழைப்பு' என்று அவள்தான் பெயரிட்டாள். அந்த எண்ணிக்கை உயர உயர, சோதனை வெற்றி.

ஒன்பதாம் நாள் ஒரு மின்மடல் வந்தது. 'மதிப்பிற்குரியீர், எனக்குக் கைநடுக்கம் உண்டு. வட்டத்தில் விரலை வைத்தால் இரண்டு வரைதான் நிற்கிறது. மூன்று வருவதற்குள் நழுவிவிடுகிறது. ஆறு முறை முயன்று பார்த்தேன். முன்பு ஒரு தொடுதலே போதுமாயிருந்ததே. அதையே திருப்பித் தர இயலுமா?'

நத்தைதான் அதைக் காட்டினான். "ஏ தராசு, இந்தம்மாவை மட்டும் பழையதுக்கு மாத்திடவா? ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம். நடுவுல ஒருத்தரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினா மொத்த சோதனையும் கெட்டுடும். நாலு வாரம் முடியட்டும்."

"அதுவரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஆபத்து என்ன, தினமுமா வருது?"

அவளே பதில் அனுப்பினாள். தங்கள் கருத்துக்கு நன்றி. தங்கள் அனுபவத்தை மேம்படுத்தத் தொடர்ந்து உழைக்கிறோம். முன்பே எழுதி வைத்திருந்த வாசகம். ஒரு தொடுதலில் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் மாலை, அதே கைப்பேசியிலிருந்து ஏழு நிமிடத்தில் பத்தொன்பது அரைத் தொடுதல்கள் வந்தன. பட்டியலில் தடுக்கப்பட்ட வீண் அழைப்புகள் பத்தொன்பது கூடின. நான்கு வாரம் முடிந்து அறிக்கை வாசித்தபோது மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார். புதிய வடிவம் பெற்ற இரண்டாம் பிரிவில் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கைதவறிய விரல்கள் தடுக்கப்பட்டன என்று அவள் திரையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாள்.

மறுவாரம் இந்தக் கிழவரின் கடிதம் வந்தது. மனைவி இறந்துவிட்டாள், கணக்கை மூடிவிடுங்கள் என்று. நாளும் நேரமும் குறித்திருந்தார். தராசு அதைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

'முடிவு உறுதியாக இல்லை' என்று மட்டும் மேலாளரிடம் சொல்லி, இரண்டாம் வடிவத்தை நிறுத்தி, எல்லாரையும் பழைய வடிவத்துக்கு மாற்றினாள். காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஒன்று கெட்டுப்போயிற்று. அம்மா சிறு வயதில் கற்றுத் தந்த நாலடித் துதிப்பாடல் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அவள் ஒரு நாளும் வாசல் தாண்டியதில்லை. இப்போது விளக்கின்முன் கைகூப்பினால் முதலடி வரும், இரண்டாமடி வரும், மூன்றாமடிக்கு நா எழாது. எத்தனை முறை தொடங்கினாலும் இரண்டிலேயே நின்றது.

இன்னொன்றும் நடந்தது. ஒருவரும் இருக்கக் கூடாத இரண்டாம் பிரிவில், ஒரே ஒருவர் மிச்சமிருப்பதாகத் திரை காட்டியது. நாள்தோறும் மாலை நான்கு பத்துக்கு அங்கே வரிகள் விழத் தொடங்கும். இரண்டு நொடி. விடுபட்டது. இரண்டு நொடி. விடுபட்டது. பத்தொன்பது வரிகள். பிறகு மறுநாள்வரை ஒன்றுமில்லை.

"பழைய பதிவு ஏதோ திரும்பத் திரும்ப வருது போல," என்றான் நத்தை. வரிகளில் அன்றன்றைய தேதியே இருப்பதைப் பார்த்த பிறகு அவன் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான்.

"சர்க்கரை சரியா இருக்கா பாரு," என்று கிழவர் தேநீரை நீட்டினார்.

"ஐயா, அந்த ஃபோன்..."

"உள்ளதான் இருக்கு, டீச்சர் மேசை டிராயர்ல. சிம்மைக் கூடக் கழட்டியாச்சு. ரெண்டு மாசமா சார்ஜே போடல." பாதி திறந்த கதவைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணி ஆறு நிமிடம். கணநேரம் தயங்கினார். ரகசியத்தைப் பங்கு போட ஆள் கிடைத்த குழந்தையின் கூச்சம் அவர் முகத்தில் வந்தது.

"கொஞ்சம் இரும்மா. நாலு பத்து ஆகட்டும்."

"எதுக்கு ஐயா?"

"டீச்சர் வருவா."

தேநீரின் ஆவி அவள் முகத்தில் பட்டது.

"பைத்தியம்னு நெனச்சுக்காத. மொத நாள் நானும் பயந்தேன். அப்புறம் பழகிடுச்சு. டாக்டர் அவளுக்கு விரல் பயிற்சி சொல்லியிருந்தாரு. ஒரு பந்தைப் பிடிச்சு அழுத்திக்கிட்டே எண்ணணும். தினம் சாயங்காலம் அந்த அறையில உக்காந்து எண்ணுவா. இப்பவும் எண்ணுறா. எனக்கு இடது காது மந்தம், முப்பது வருஷம் இஞ்சின் பக்கத்துல உக்காந்தவன். ஆனா அவ எண்ணுறது மட்டும் கேக்குது." அவர் குரல் தாழ்ந்தது. "யாருக்கும்மா கிடைக்கும் இது?"

வெளியே மேகம் தாழ்ந்தது. முன்னறையின் வெளிச்சம் யாரோ கையால் பொத்தியதுபோல் குறைந்தது. தைலத்தின் நெடி ஏறியது. இப்போதுதான் யாரோ தேய்த்துக்கொண்டதுபோல் கண்ணைக் கரித்தது.

கடிகாரத்தின் முள் நகர்ந்தது.

உள்ளே ஒரு நாற்காலி மெல்ல இழுபட்டது.

பிறகு குரல். கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகிய, திருத்தமான, முதிர்ந்த பெண் குரல்.

"ஒண்ணு... ரெண்டு..."

நின்றது. கண்ணாடிமேல் நகம் வழுக்கும் மிக மெல்லிய ஒலி.

"ஒண்ணு... ரெண்டு..."

கிழவர் கண்களை மூடிக்கொண்டார். உதடுகளில் சிரிப்பு கனிந்திருந்தது. தாலாட்டைக் கேட்பவர்போல் தலையை அசைத்தார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, பழகிய கேலியோடு உரக்கக் கேட்டார்:

"என்ன டீச்சர், மூணு மறந்து போச்சா?"

தராசு கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"அன்னிக்கும் இதையேதான் கேட்டேன்," என்றார் அவர். "கோவிச்சுக்கிட்டா போலிருக்கு, அதுக்கப்புறம் கொஞ்ச நேரத்துல சத்தமே காணோம். சமாதானம் பண்ணலாம்னு நாலரைக்கு டீ எடுத்துட்டு உள்ள போனேன். மேசை மேலயே தலைய வெச்சு..." மறுபடி தலையை அசைத்தார். "வலிக்காமப் போயிட்டா. பயிற்சி பண்ணிக்கிட்டே போயிட்டா. அந்த மட்டும் பகவான் புண்ணியம்."

"ஒண்ணு... ரெண்டு..."

அன்று அவர் உடனே அறைக்குள் போயிருந்தால் தெரிந்திருக்கும், அது பயிற்சியில்லை என்று. பந்து அலமாரியில் இருந்திருக்கும். விரல் கண்ணாடிமேல் இருந்திருக்கும். முன்னறைக்கும் உள்ளறைக்கும் இடையே பத்து அடி. உரக்கக் கூப்பிட மூச்சு இல்லாதவள், மூன்று வரை எண்ண மட்டும் மூச்சைச் சேர்த்து வைத்தாள். அதுவும் இரண்டுக்குத்தான் போதுமாயிருந்தது.

தராசு இரு வடிவங்களையும் மனத்தில் தூக்கிப் பார்த்தாள். பொய் சொன்னால் இந்த மனிதருக்கு நிம்மதி மிஞ்சும். 'ஃபோன்ல ஏதோ பழுது, எடுத்துட்டுப் போறேன்' என்றால் போதும். உண்மையைச் சொன்னால் தன் பாரம் குறையும். ஆனால் குறைகிற பாரம் எங்கே போகும்? இந்தச் சாய்வு நாற்காலிக்குத்தான் போகும். அளந்து பார்க்க நான்கு வாரம் இல்லை.

"ஐயா, அது வந்து... ஃபோன்ல ஒரு பழுது..."

"ஒண்ணு... ரெண்..."

குரல் மாறியிருந்தது. திருத்தம் போய்விட்டது. ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் மூச்சு கிழிந்து கிழிந்து வந்தது. தராசு தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. பட்டியலில் வெறும் வரியாகப் பார்த்தது இப்போது அவள் செவியில் மனிதக் குரலாக விழுந்துகொண்டிருந்தது.

பதின்மூன்று.

பத்தொன்பதோடு நின்றுவிடும். இன்றும் நிற்கும். நாளையும் நிற்கும். உலகம் உள்ளளவும் அந்த நாற்காலியில் ஒருத்தி உதவி கேட்டுக்கொண்டே இருப்பாள். பத்து அடி தள்ளி ஒருவர் சிரித்துக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"ஐயா, அது பயிற்சி இல்ல."

அவர் கண் திறந்தார். "என்னம்மா?"

அவள் அவரது வலது காதருகே போய் மண்டியிட்டாள். சொற்கள் வரிசையாக வரவில்லை, வந்தபடி கொட்டினாள். "அவங்க எண்ணல ஐயா. கூப்பிடுறாங்க. ஃபோனை மூணு வரைக்கும் அழுத்திப் பிடிச்சாத்தான் உதவி வரும்னு நான் மாத்தினேன். அவங்க விரல் நிக்கலன்னு எழுதினாங்க. பழையபடி மாத்திக் குடுங்கன்னு கேட்டாங்க. ஒரு நிமிஷ வேலை. நான் மாத்தல. அன்னிக்குப் பத்தொம்பது தடவை முயற்சி பண்ணியிருக்காங்க. இப்பவும்..."

"ஒண்ணு..."

பதினாறு.

கிழவரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க அவருக்கு மறந்துபோயிருந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. கதவைப் பார்த்தார்.

"அப்ப நான்..." என்றார். "மூணு மறந்து போச்சான்னு..."

பதினேழு.

"ஐயா, பத்தொம்பதுதான் கடைசி!"

அவர் எழுந்தார். சாய்வு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சுவரைப் பிடித்தார், தராசு தோளைக் கொடுத்தாள். பத்து அடி.

பதினெட்டு.

உள்ளறை இருண்டு கிடந்தது. நாற்காலி மேசையை விட்டுச் சற்று விலகி, யாருக்கோ இடம் கொடுத்ததுபோல் நின்றது. அதில் ஒருவருமில்லை. மேசை டிராயரின் விளிம்பில் மெல்லிய சிவப்பு ஒளி கசிந்தது.

அவர் டிராயரை இழுத்தார். உயிரில்லாத கைப்பேசியின் திரையில் சிவப்பு வட்டம் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் விரலின் வெப்பம் பட்ட இடம்போல் ஒரு சிறு ஆவிப்படலம். அது நடுங்கியது.

"ஒண்ணு..."

பத்தொன்பது.

தன் கட்டைவிரலை அந்தப் படலத்தின்மேல் வைத்தார் கிழவர். வைத்ததும் அவர் உடல் துணுக்குற்றது. "இருக்கா," என்று முணுமுணுத்தார். "கீழ அவ விரல் இருக்கு. நடுங்குது."

"அழுத்திப் பிடிங்க ஐயா. எடுத்துடாதீங்க."

"ரெண்டு..." என்றது குரல். அவர் முகத்துக்கு அருகில், மேசைமேல் சாய்ந்த தலையின் உயரத்திலிருந்து.

வெள்ளைக் கோடு வட்டத்தைச் சுற்றி ஊர்ந்தது. பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது.

குரல் வரவில்லை. மூச்சு தீர்ந்துவிட்டது.

"மூணு," என்றார் அவர். "மூணு, டீச்சர்."

வட்டம் மூடியது.

மணி ஒரு முறை அடித்தது, மறுமுனையில் இளம்பெண் ஒருத்தியின் குரல், வெயில்போல் தெளிவாக: "உதவி மையம். சொல்லுங்க, என்ன ஆச்சு?"

"என் வீட்டுக்காரிக்கு உடம்பு முடியல. மூச்சு வாங்குது. சீக்கிரம் வாங்கம்மா."

"பதறாதீங்க ஐயா. அவங்க பக்கத்துலயே இருக்கீங்களா?"

வெறும் நாற்காலியைப் பார்த்தார்.

"இப்பத்தான் வந்தேன்," என்றார்.

அறைக்குள் யாரோ நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டார்கள். நெடுந்தூரம் சுமந்து வந்ததை இறக்கி வைத்தவர் விடும் மூச்சு. தைலத்தின் வாசனை அகன்றது. சுண்ணக்கட்டியின் வாசனை ஒரு கணம் மிஞ்சி, அதுவும் போயிற்று. திரை கறுத்தது. கைப்பேசி வெறும் கண்ணாடியும் தகரமுமாகக் கிடந்தது.

வெளியே மழை மறுபடி தொடங்கியிருந்தது.

அவர் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி நேராக வைத்தார்; திட்டுவார் என்று தராசு காத்திருந்தாள். ஓர் அடி விழுந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"அவ எழுதின லெட்டர் இருக்கா உன்கிட்ட?"

பையிலிருந்து அந்த மடலின் அச்சுத்தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஜன்னலோரம் கொண்டுபோய் வாசித்தார். ஒரே ஒரு வரியை மட்டும் விரலால் தடவினார்.

"'இயலுமா'ன்னு கேட்டிருக்கா பாரு. என்கிட்ட ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்ல. அதட்டித்தான் பழக்கம்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நீ போம்மா. இருட்டிடும்."

"ஐயா, நான் செஞ்சது..."

"நீ செஞ்சது உனக்கு. நான் செஞ்சது எனக்கு." கதவுவரை வந்தார். அங்கே நின்று கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. நாளைக்கு நாலு பத்துக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அவள் தன் செருப்பை மாட்டிக்கொண்டாள். படியிறங்கும்போது பார்த்தாள், தூசி படிந்த அந்தச் செருப்புகள் முன்பு வீட்டைப் பார்த்துக் கிடந்தன. இப்போது தெருவைப் பார்த்துக் கிடந்தன.

மறுநாள் காலை விளக்கின்முன் நின்றாள். முதலடி வந்தது. இரண்டாமடி வந்தது. மூன்றாமடி, மடை திறந்ததுபோல் வந்தது; நாலாமடியில் அழுகை வந்துவிட்டது. அந்த ஈரக் கண்ணோடே அலுவலகம் போய், மேலாளர் முன்னிலையில் எல்லாவற்றையும் சொன்னாள். மடலைச் சொன்னாள், தன் பதிலைச் சொன்னாள், பத்தொன்பதைச் சொன்னாள். அந்த வீட்டு அறையில் கேட்ட குரலை மட்டும் சொல்லவில்லை. நத்தை தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருத்தமான விஷயம்தான். எழுதிக் குடு, மேல அனுப்புறேன். ஆனா ஒருத்தர்தானே? மீதி நானூத்திப் பதினோரு பேரும் நெஜமாவே கை தவறிப் பட்டதுதானே?"

தராசு வாய் திறந்தாள்.

"தெரியாது," என்றாள்.

அந்தச் சொல் அறைக்குள் விழுந்தபிறகுதான் அதன் கனம் அவளுக்கே தெரிந்தது. மூன்றுக்குள் எடுத்த விரல்களைத்தான் அவள் எண்ணியிருந்தாள். ஏன் எடுத்தார்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

மாலை நான்கு பத்துக்கு அவளும் நத்தையும் திரைமுன் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பதினொன்று. பன்னிரண்டு. வரி விழவில்லை. இரண்டாம் பிரிவு: பயனர் ஒருவருமில்லை.

"போயிட்டாங்க," என்றான் நத்தை மெல்ல. "நீ செஞ்சது நல்லது தராசு." எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

அவள் கண்களை மூடி நாலடியையும் ஒரு முறை சொன்னாள். உடம்பு முழுவதும் லேசாயிற்று. பல வாரங்களுக்குப் பிறகு முதன்முறையாகப் பசித்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நான்கு இருபத்தேழு.

இரண்டாம் பிரிவு: பயனர் ஒருவர்.

அந்தக் கைப்பேசி எண் அவளுக்குத் தெரியாது. ஊரின் வேறொரு மூலையிலுள்ள முகவரி.

அவள் நின்றபடியே பார்த்தாள். ஒரு வரி விழுந்தது. இரண்டு நொடி. விடுபட்டது. அதன்கீழ் இன்னொன்று. அதற்கும் கீழே மற்றொரு முகவரி தோன்றியது. அதன்கீழ் மற்றொன்று.

மேசைமேல் கிடந்த அவளுடைய கைப்பேசியின் கறுத்த திரையில், சிவப்பாக ஒரு வட்டம் மெல்ல எரியத் தொடங்கியது. வலித் தைலத்தின் வாசனை இல்லை இந்த முறை. ஈரத் துணியின் வாசனை, புகையிலையின் வாசனை, யாரோ ஒருவரின் மூடிய அறையின் வாசனை.

பிறகு காதோரத்தில், அவள் ஒருபோதும் கேட்டறியாத ஓர் ஆண் குரல், மிகுந்த பொறுமையோடு எண்ணியது.

"ஒண்ணு... ரெண்டு..."